தேய்க்காதே

சிறுவன் ஓவன் தன் கையுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோதே கெண்ட்ராவுக்குத் தெரிந்துவிட்டது, இவன் வீட்டில் இதற்குமுன் யாரும் பேஸ்பால் ஆடியதில்லை என்று. பையன் வலது கைக்காரன். எறிகிற கையில் கையுறையை மாட்டினால் பந்தை எதனால் எறிவான்? அவன் அம்மா ஆடெல், அவன் எழுதுகிற கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். ஏப்ரல் வந்தால் இப்படி ஒரு குடும்பமாவது மைதானத்துக் கொட்டகைக்கு வந்து சேரும். அவர்களை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுப்பது கெண்ட்ராவின் பொறுப்பு. அவள் கணவன் டிராவிஸ் அணியின் பயிற்சியாளர், மகன் வயட் அதே அணியில் ஆடுகிறான். பிறகு வேறு யார் தலையில் கட்டுவார்கள்?

அவள் பெட்டியைக் கிளறி ஒரு பழைய கையுறையை எடுத்து ஓவனின் இடது கையில் மாட்டினாள். எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் போட்டுத் தூங்கினால் தோல் இளகிவிடும் என்றாள். ஹெல்மெட் ஆடாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். கால்சட்டைக்குள் வைக்கும் கவசத்தைப் பற்றிச் சொன்னபோது ஓவன் கூரையைப் பார்த்தான். அவன் வெளியே ஓடியதும் ஆடெல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பந்து மேல பட்டா?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். போன வருஷம்வரை பயிற்சியாளரே மெதுவாகப் பந்து போட்டார். ஒன்பது வயதானால் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே எறிவார்கள், அது எங்கே போகும் என்று எறிகிறவனுக்கே தெரியாது.

"படத்தான் செய்யும்," என்றாள் கெண்ட்ரா. "பட்டா முதல் பேஸ், அதான் அந்த முதல் வெள்ளைத் திண்டு, சும்மா கிடைக்கும், ஓடிப் போய் நின்னுக்கலாம். ஒண்ணு மட்டும் அவன்கிட்ட சொல்லி வைங்க. பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. வலிக்கலைங்கிற மாதிரி போகணும். தேய்ச்சா எறிஞ்சவனுக்குக் குளிர் விட்டுப்போகும்."

அவளுக்கே அது மனப்பாடம். இந்த ஊரில் நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

"முதல் ஆட்டத்துக்கு நீங்க என் பக்கத்துல உக்காருவீங்களா?" என்றாள் ஆடெல். "தனியா பாக்கப் பயமா இருக்கு."

கெண்ட்ரா சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று உறைத்தது. ஊருக்குத்தான் உபதேசம். இந்தப் பருவம் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கியதிலிருந்து வயட் மட்டை பிடித்து நின்றதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஹாட் டாக் விற்கும் கடையை வலிய ஏற்றுக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று ஊரே மெச்சியது. போன மாதம் வயட் சட்டை மாற்றும்போது அவன் முதுகில் பந்தளவுக்கு ஒரு கன்றலைப் பார்த்தாள். ஓரம் மஞ்சளித்துப்போயிருந்தது, பட்டுப் பல நாள் இருக்கும். என்னடா இது என்றதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்றான். அன்றிலிருந்து அவள் பயந்தது பந்துக்கு மட்டுமல்ல, அந்த ஒன்றுமில்லைக்கும்தான்.

சனிக்கிழமை மைதானத்தில் குளிர்காற்று அடித்தது. பலகைப் படிகளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. ஆடெல் கெண்ட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்குத் தைரியம் சொல்வது? அந்தக் கையை விடுவித்துக்கொண்டு கடைக்கு ஓடிவிடலாம் என்று கெண்ட்ரா நினைத்தபோது வயட் மட்டையோடு வந்து நின்றான்.

எதிரணிப் பையன் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தான். முதல் பந்து தலைக்கு மேலே போனது. இரண்டாவது நேராக வயட்டின் நெஞ்சோரத்தில் போய் விழுந்தது. அந்தச் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது, தலையணையை அடித்த மாதிரி.

வயட் மடங்கினான், பிறகு நிமிர்ந்தான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸை நோக்கி நடந்தான். மற்ற பிள்ளைகள் ஓடுவார்கள், அவன் நடந்தான். கைகள் இரண்டும் தொடையோரம் ஒட்டியபடி இருந்தன. படிகள் முழுக்கக் கைதட்டின. வலிக்கிறதா என்று நடுவர் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினான். மூன்றாவது பேஸ் பக்கத்திலிருந்து டிராவிஸ், "அதான்டா என் மகன்," என்று கத்தினான்.

ஆடெல் கைதட்டவில்லை.

"தேய்க்கலைன்னா எங்க வலிக்குதுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

ஓவன் இப்போது மட்டையோடு வந்து நிற்பதைக் கெண்ட்ரா கண்டாள், ஆனாலும் பார்வை மகனை விட்டு நகரவில்லை. வயட் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். ஒவ்வொரு மூச்சும் பாதியிலேயே நின்றது. ஆட்டத்தின் நடுவில் அம்மாக்கள் வேலிப் பக்கம் போவதில்லை. போனால் அந்தப் பிள்ளையைப் பருவம் முழுக்கக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அவள் எழுந்தாள். போர்வை காலில் சிக்கியது, உதறிவிட்டு இறங்கினாள். பின்னால் யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். முதல் பேஸுக்கு எதிரே கம்பி வேலியில் விரல்களை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வயட். தேய்ச்சுக்கோடா கண்ணு. எங்க வலிக்குதுன்னு காட்டு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற அப்பாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, முகத்தில் மட்டும் அந்த ஒன்றுமில்லை அப்படியே இருந்தது.

மட்டை பிடித்து நின்ற ஓவன் எறிகிறவனைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வயட்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை தொடையை விட்டு எழும்பி, நெஞ்சுக்குப் போவதா வேண்டாமா என்று இடுப்பருகே வந்து நின்றது. எறிகிற மேட்டில் நின்ற பெரிய பையன் பந்தோடு கையைப் பின்னுக்கு இழுத்தான்.