மாமாவுக்கா, பாப்பாவுக்கா?

அந்தத் துணிக்கடையில் புகார் நோட்டு என்று ஒன்று உண்டு. ஒருவர் பெயரில் மூன்று புகார் ஏறிவிட்டால் கவுண்டரை மறந்துவிட வேண்டியதுதான். கோடவுனில் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டு கிடக்க வேண்டும். ‘அளவுகோல்’ பெயரில் ஏற்கெனவே இரண்டு. இரண்டையும் எழுதியவள் சூப்பர்வைசர் அக்காதான். மேனேஜர் சொன்னார், எழுதினாள். அதை நினைத்தாலே அவளுக்கு மனசு குறுகுறுக்கும்.

அளவுகோல் என்பது கடையில் வைத்த பட்டப்பெயர். அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், காலர் முப்பத்தொன்பதா நாற்பதா என்று விரலால் காட்டிவிடுவாள். டேப் வைத்து அளந்தாலும் அதேதான் வரும். ஆறு வருஷம் கோடவுனில் கிடந்தவள், யாரிடமும் கெஞ்சிக் கூத்தாடாமல், நான்கு முறை எழுதிக் கேட்டுக் கவுண்டருக்கு வந்தாள்.

உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். சந்தேகம் வந்தால் கையால் கேட்பாள். அந்தக் கைதான் மேனேஜர் கண்ணை உறுத்தியது. “கஸ்டமர் முன்னாடி கைய ஆட்டக் கூடாது. இது கடையா, சர்க்கஸா?” என்று போன வாரம் உத்தரவு போட்டுவிட்டார், மகாராஜா! அதற்குப் பிறகு ஏறியவைதான் அந்த இரண்டு புகாரும்.

அன்றைக்குத் தாலியில் மஞ்சள் காயாத ஒரு புதுப்பெண் துணி எடுக்க வந்தாள். “மாமாவுக்கு நல்ல சட்டையா எடுத்துக் குடுங்க” என்றாள். கையைக் கட்டிப்போட்டுவிட்டார்களே, அளவுகோல் எப்படித் திருப்பிக் கேட்பாள்? பூனைக்குட்டி படம் போட்ட, ஒரு சாண் சட்டையை எடுத்து விரித்தாள். புதுப்பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ன, கிண்டலா? காது கேக்காதவங்கள ஏங்க இங்க நிக்க வெக்கிறீங்க?”

மேனேஜருக்கு வேறென்ன வேண்டும்? நோட்டோடு ஓடி வந்தார். “எழுதும்மா. இதோட மூணு.”

சூப்பர்வைசர் அக்கா பேனாவைத் திறந்தாள். நோட்டின் மேல் அளவுகோலின் உள்ளங்கை வந்து பதிந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. மேசையில் கிடந்த பில் தாளில் எழுதிக் காட்டினாள்: ‘சார், நான் சத்தம் இல்லாமல் சொல்கிறேன். மாமாவா, பாப்பாவா? நீங்களே சொல்லுங்கள்.’

“இது ஒரு பெரிய விஷயமா?” என்றார் மேனேஜர்.

அளவுகோல் முன்கூட்டியே ஒரு தாளில் விடையை எழுதிக் கவிழ்த்துவைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தாள்.

“மாமா!” என்றார் மேனேஜர்.

தாளைத் திருப்பினாள். பாப்பா.

மறுபடி. “அப்ப இது பாப்பா.” தாளில் மாமா.

மூன்றாவது தடவை மனிதர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “பாப்பா… இல்ல, இரு… மாமாவேதான்!” தாளில் பாப்பா என்று பளிச்சென்று இருந்தது.

புதுப்பெண் கடைக் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். “அய்யய்யோ, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு!”

அளவுகோல் புருவத்தை உயர்த்தி, கையை முழங்கால் உயரத்தில் காட்டினாள். பிறகு தலைக்கு மேலே காட்டினாள். அரை நொடிக் கேள்வி, அவ்வளவுதான். புதுப்பெண் சிரித்துக்கொண்டே தன் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், போனில் கணவன் படத்தையும் காட்டினாள். அடுத்த நொடி நாற்பத்திரண்டு சைஸ் நீலச் சட்டை மேசை மேல் கிடந்தது.

அடேயப்பா, என்ன பெண் இவள்! நானாயிருந்தால் அழுதுகொண்டே கோடவுனுக்குப் போயிருப்பேன் என்று சூப்பர்வைசர் அக்கா நினைத்தாள். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“இருந்தாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தான். எழுதும்மா” என்றார் மேனேஜர்.

எழுதினாள். இந்தத் தடவை அவர் சொல்லச் சொல்ல அல்ல. யார் மீது என்ற இடத்தில் ‘கடை’ என்று போட்டாள். ‘உதட்டில் மாமாவும் பாப்பாவும் ஒன்று. மேனேஜரும் மூன்று முறை தவறாகச் சொன்னார். கையால் கேட்க விடாதது நம் தவறு. முந்தைய இரண்டு புகாரும் இதே கதைதான். விசாரிக்காமல் எழுதியவள் நான்.’ நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். “கையெழுத்துப் போடுங்க சார். நீங்க போட்டாத்தான் செல்லும்.”

மேனேஜர் படித்தார். புதுப்பெண்ணைப் பார்த்தார். இரண்டு தடவை இருமினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னார்.

“என்ன சார்? கேக்கல” என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

அவர் உதட்டைப் பார்த்த அளவுகோலுக்குப் புரிந்துவிட்டது. மூடியைக் கழற்றித் தன் பேனாவை அவரிடம் நீட்டினாள்.