லாஃப்டன் அழுத பாறை

இலையுதிர் கால வழக்குகளைக் கேட்க நீதிபதி குதிரையேறி வந்து சேர்ந்த அன்று காலை, ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் நீதிமன்றத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை அது. கதவைச் சாத்தினாலும் கட்டைகளின் இடுக்கு வழியே பனி கசிந்தது. பின் பெஞ்சுகளில் இருந்தவர்களுக்கு முகம் இல்லை; தொப்பிகளும் இருமல்களும் மட்டும்தான் இருந்தன.

முன் பெஞ்சில் கெசயா லாஃப்டன் அம்மாள் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். காலஞ்சென்ற கேப்டன் லாஃப்டனின் ஒரே மகள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் மகன் ரூபன், தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். வீடும், சோளக்காடும், கேப்டனின் கல்லறையும் இருக்கிற நிலம் இன்று நிற்குமா போகுமா என்பதுதான் வழக்கு.

கென்டக்கியில் இது புதிதல்ல. மலை தாண்டி வந்தவர்களுக்கெல்லாம், அப்போது இந்தப் பகுதியையும் ஆண்ட வர்ஜீனியா அரசு, இடத்தைப் பார்க்காமலேயே நிலம் எழுதிக் கொடுத்திருந்தது. ஒருவர் பத்திரத்தின் மேல் இன்னொருவர் பத்திரம், கூரை ஓடு போல ஏறிக் கிடந்தது. எது செல்லும் என்று பார்க்க நீதிமன்றத்திடம் ஒரே வழிதான் இருந்தது. பத்திரத்தில் சொன்ன அடையாளம், எழுதிய காலத்தில் ஊரறிந்ததாக இருந்ததா? இருந்தால் நிலம் நிற்கும். இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

லாஃப்டன் பத்திரத்தை எழுதியவர் கேப்டனின் தம்பி. ஊருக்கே தெரிந்த அடையாளமாக இருக்கட்டும் என்று அவர் எழுதி வைத்தது இதுதான்: 'லாஃப்டன் அழுத பாறையில் தொடங்கி, சூரியன் மறையும் திசையில்.'

எதிர்த்தரப்பு வக்கீல் பெட்டிகுரூ எழுந்தார். லெக்சிங்டன் நகரத்திலிருந்து வந்தவர், பூட்ஸ் பளபளத்தது.

"கனம் நீதிபதி அவர்களே, அந்த ஓடைக்கரையில ஒரு பாறை இருக்கு. ஊர்ல யாரைக் கேட்டாலும் கேப்டன் பாறைங்கறாங்க. லாஃப்டன் அழுத பாறையாம்! அப்படி ஒண்ண ஒருத்தரும் கேள்விப்பட்டதில்ல. அழுதவங்க யாரு, எப்போ அழுதாங்க? சாட்சி எங்க?"

ஊரின் வாயைக் கட்டியவள் கெசயா அம்மாள்தான். அந்தப் பெயரைச் சொன்ன பாதிரியாரைச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுப்பி அனுப்பியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சிரித்த கடைக்காரனிடம் அதன்பின் உப்புக்கூட வாங்கியதில்லை. அப்பா படைக்குத் தலைமை தாங்கியவர், இதே நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொன்னவர், அவர் பெயரோடு கண்ணீரைச் சேர்த்துப் பேசுவதா? வருஷங்கள் போகப் போக ஊர் மறந்தது. மறந்தது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

ரூபன் தேடிப் பிடித்துக் கூட்டிவந்த ஒரே சாட்சி மைக்கேஜா பொஹானன். பழைய வேட்டைக்காரர். கேப்டனோடு ஒரே கூட்டத்தில் மலை தாண்டி வந்தவர்.

"அந்தப் பாறையைப் பத்தி உமக்குத் தெரியுமா, பெரியவரே?" என்றார் நீதிபதி.

"தெரியுமான்னா தெரியும். சொல்லுன்னா சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அதோ உட்கார்ந்திருக்காங்களே, அந்தம்மா. நான் கரடியோட கட்டிப் புரண்டவன், ஐயா. ஆனா கரடி ஒரு தடவைதான் கடிக்கும்."

பனிக்குள் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"சொல்லலைன்னா சிறையில போடுவேன்."

"சோறு உண்டுங்களா அங்க?"

ரூபன் குனிந்து கிசுகிசுத்தான். "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு பேசுவாரு. இல்லன்னா வீடு போச்சு. தாத்தா படுத்திருக்கிற மண்ணும் போச்சு."

"தாத்தா பேரு போனாப் பரவாயில்லையா உனக்கு?"

"பேரு மேலயா அத்தை கூரை போட முடியும்?"

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எதிரே பனி மெல்ல அசைந்தது. அசைந்தது பனியா, நாணல் காடா? பசுமாட்டின் விலாவில் கட்டிய கூடைக்குள் சின்னப் பெண்ணாகத் தான் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மலைச்சரிவு முடிகிற இடம். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் நாணல். காற்று வந்தால் அது பச்சைத் தண்ணீராகப் புரண்டது. எல்லோரும் அதைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அப்பா மட்டும் மேற்குக்கு முதுகைக் காட்டி, விட்டு வந்த ஊர்ப்பக்கம் திரும்பி, ஒரு பாறையில் உட்கார்ந்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கூட்டம் காத்துக்கொண்டு நின்றது. மாடு பாறையடி ஊற்றில் தண்ணீர் குடித்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூடவே நடந்து வந்து, குடியேறிகளின் மரக்கோட்டைக்குள் நுழையும்போது பாட்டாகியிருந்தது. அவர் ஏன் அழுதார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டாள்.

எழுந்து நின்றாள்.

"மைக்கேஜா, பாடு."

கிழவர் விழித்தார். "முழுசாவா, அம்மா?"

"பின்ன அரைகுறையாவா? எழுந்து நின்னு பாடு. எங்கப்பாவைப் பத்தி உட்கார்ந்துகிட்டு யாரும் பாடக் கூடாது."

மைக்கேஜா எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். துருப்பிடித்த கீல் போன்ற குரலில் தொடங்கினார்.

"மலையேறி வந்தாரு லாஃப்டன் மாமா,
பாறையில குந்தினாரு லாஃப்டன் மாமா,
அழுத கண்ணீரு ஓடையாச்சு, பசுவுக்கும் தண்ணி,
எழுந்து வாங்க மாமா, மேக்கே கெடக்குது மண்ணு!"

இரண்டாவது முறை பாடும்போது அது அவர் குரல் மட்டுமல்ல. பின் பெஞ்சில் ஒரு பூட்ஸ் தாளம் தட்டியது. மாவு மில்காரரின் மனைவி, வாயைக் கையால் பொத்தியபடியே, கைக்குள் பாடினாள். கொல்லர் பாடினார். மறந்தவர்கள் என்று கெசயா அம்மாள் நினைத்த அத்தனை பேரும் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். முகமில்லாத பனி முழுக்கப் பாட்டாக இருந்தது. இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தார்கள்? தன் வீட்டு வாசலில் வணக்கம் சொன்னபோதெல்லாம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தார்களா?

அவள் முதுகு வளையவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

பாட்டு ஓய்ந்தபோது, பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல், யாரையும் பார்த்துச் சொல்லாதது போல வந்தது. "அங்கதான் எங்கம்மாவும் அழுதா. மூட்டைக்குப் பின்னால போயி அழுதா. உங்கப்பா எல்லார் முன்னாலயும் அழுதாரு. அதான் அவரு மேல பாட்டு."

பெட்டிகுரூ எழுந்தார். "பாட்டெல்லாம் சாட்சியாகுமா?"

"ஒரு சாட்சி சொன்னா யோசிப்பேன்," என்றார் நீதிபதி. "ஊரே ராகத்தோட சொல்லுது. இதைவிட ஊரறிஞ்ச அடையாளம் எதுய்யா? உட்காரும்."

பத்திரம் செல்லும் என்று எழுதப்பட்டது. அந்தப் பாறைக்கு அதற்கும் முன்னால் வேறு பெயர் இருந்திருக்கும். அதை அறிந்த, அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஷானீ மக்கள் ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அவர்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ரூபன் அழுதுவிட்டான். "மூஞ்சியைத் துடைடா," என்றாள் அத்தை. பிறகு என்ன நினைத்தாளோ, "சரி, அழு. வெளியில வந்து அழு," என்றாள்.

வெளியே பனி விலக ஆரம்பித்திருந்தது. குதிரை கட்டும் இடத்தில் இரண்டு இளம்பெண்கள், அன்றுதான் முதல்முறையாகக் கேட்ட பாட்டை முணுமுணுத்தபடி நின்றார்கள். அவளைக் கண்டதும் வாயை மூடினார்கள். கெசயா அம்மாள் தலைத்துணியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டு அவர்கள் எதிரே போய் நின்றாள்.

"குதிரைக்கும் தண்ணின்னுதானே பாடினீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மன்னிச்சிருங்கம்மா."

"குதிரை இல்ல, பசு. எங்ககிட்ட குதிரை ஏது?" என்றாள். "பாடறதா இருந்தா சரியாப் பாடுங்க."