மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் தம்பியிடமிருந்து திருடியது. அவன் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்துநான்கு. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். இரண்டு வருடமாகக் கஞ்சாவும் பிடிக்கிறான். முதல் விஷயம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். இரண்டாவதும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "புகை வளையங்களுக்கு நடுவே அவன் பிரபஞ்சத்தின் குரலை

(வேண்டாம். அவனுக்குக் கேட்பது, "பல்லைக் கூட ஒழுங்கா விளக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆளு" என்று திட்டும் ஆம்பளைக் குரல். பிரபஞ்சத்துக்கு வேறு வேலை இருக்கும்.)

2.

கதை கேட்ட பத்திரிகை ஆசிரியர் துள்ளிக் குதித்தார். "கஞ்சா, மனநோய்... பிரமாதம்மா! அவர் கவிதை எழுதுவாரா?"

எழுத மாட்டான் சார். அவனுக்கு வருவதெல்லாம் சந்தேகம்தான். புகைத்த முதல் ஒரு மணி நேரம் சாந்த சொரூபி. பிறகு எதிர்வீட்டு ஜன்னல் அவனைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கும். அவன் மூளையை மழுக்கத்தான் மாத்திரை கொடுக்கிறார்கள் என்பான். அது தலையணை உறைக்குள் போய்ச் சேரும்.*

* பதினேழு மாத்திரைகள். உறையைத் துவைக்க எடுத்தபோது கொட்டின. யாரிடமும் சொல்லவில்லை. நான் நல்ல அக்கா.

3.

அந்த மாத்திரைகளைப் பார்த்த மறுநாள் காலை, புது மாத்திரை அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு அவன் வேலை செய்துகொண்டிருந்த அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் மாடி தாண்டியதும் நின்றது. நிறுத்தியது அவன்தான்.

நான்காம் மாடிக் கதவின் இடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"உங்களை யாரு அனுப்பினது?"

"டேய், நான்தான்டா. அக்கா."

"அக்கா மாதிரியே பேசறீங்க."

நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் செத்தேன் என்று நினைத்தேன். பதினோராவது நிமிடத்தில் 'நல்ல காட்சி' என்று நினைத்தேன். (எழுத்தாளர்களை உங்கள் வீட்டில் வளரவிடாதீர்கள்.)

திடீரென்று அவன் அழுதான்.

"நீ அக்காதானா? அப்படின்னா வெளிய வராதே. வந்தா உன்னைக் கொன்னுடுவாங்கன்னு அந்த ஆளு காதுல சொல்றான். நான் உன்னை அடைச்சு வைக்கலக்கா. காப்பாத்திட்டு இருக்கேன்."

அதுவரை யோசித்து வைத்திருந்த அறிவுரை ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. கடைசியில் கேட்டேன்:

"அவனுக்கு லிஃப்ட் வேலை தெரியுமாடா?"

அழுகை நின்றது.

"தெரியாது."

"உனக்குத் தெரியும். இப்படி நடுவுல ஆள் மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

"மெயினை அணைக்கணும். பிரேக்கை விடுவிச்சு, சக்கரத்தைக் கையால சுத்தி, மெதுவா இறக்கணும்." மூக்கை உறிஞ்சினான். "கதவுல சாயாதே. நடுவுல நில்லு."

மோட்டார் அறைக்கு ஏறிப்போனான். விளக்கு அணைந்தது. இருட்டில், அங்குலம் அங்குலமாக, என் தம்பி என்னை மூன்றாம் மாடிக்கு இறக்கினான். மட்டம் ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

4.

அன்று மாலையே அவனுக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

"வேற பழக்கம் ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் எதுவும் இல்லைங்க" என்றேன், பழக்கதோஷத்தில்.

"ரெண்டு வருஷமா கஞ்சா பிடிக்கிறேன்" என்றான் அவன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அது உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார். இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"முதல்ல அந்த ஆளு கொஞ்சம் தள்ளிப் போவான். திரும்பி வரும்போது நாலு பேரைக் கூட்டிட்டு வருவான்."

டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். "பல பேருக்கு இப்படித்தான் ஆகுது. கஞ்சாவை விட்டா அந்த நாலு பேர் குறைய வாய்ப்பிருக்கு. முதல் ஆளைப் பத்தி இப்ப நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

பிழைப்பே எழுத்து என்று திரிகிற நான், இரண்டு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுதவில்லை.

5.

முடிவுகள், உங்கள் வசதிக்கு:

அ) கஞ்சாவை விட்டான், குரல் ஓடிப்போயிற்று, கல்யாணம் ஆயிற்று. எங்கள் மாமா இதற்குத்தான் கைதட்டுவார்.

ஆ) லிஃப்ட் குழியில் விழுந்து செத்தான். ஆசிரியர் இதற்கு அட்டைப்படமே போடுவார்.

இ) நடந்தது. கஞ்சாவை விட்டு நான்கு மாதமாகிறது. இரண்டு தடவை வழுக்கினான், இரண்டு தடவையும் அவனே சொன்னான். மாத்திரையை என் எதிரில் விழுங்குகிறான், முறைத்துக்கொண்டே. நாலு பேரும் போய்விட்டார்கள். பழைய ஆள் மட்டும் எப்போதாவது வந்து பல்லைப் பற்றிப் பேசுகிறான். கம்பெனி இவனை லிஃப்டைத் தொட விடுவதில்லை. உதிரிபாகக் கிடங்கில் உட்கார்த்தியிருக்கிறது. அந்தக் கோபம் இவனுக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று இந்தப் பிரதியை அவனிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தான்.

"பயந்தது நீ மட்டும்ங்கற மாதிரி எழுதியிருக்கே."

"அப்ப நீ எழுது."

பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். என் பக்கம் நிறைய இருக்கு."

ஆகவே முடிவு என் கையில் இல்லை. நீங்களும் அவசரப்பட்டு எதையாவது வைத்துவிடாதீர்கள். அவன் வந்து அடித்துத் திருத்துவான்.