கோபத்தில் ஊன்றிய மிளகாய்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஊரிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "பல்கேரியாவுல வீட்டுக்கு வீடு ஜன்னல்ல காய்கறி வளக்குறாங்களாமே. புதுசா தோட்டம் போடுறவங்களுக்கு ஒரு பக்கம் யோசனை எழுதிக் குடுங்க சார். மனசுக்கு இதமா இருக்கட்டும்."

உட்கார்ந்தேன். எழுதினேன்.

தோட்டம் என்பது பொறுமையின் பாடசா—

அடித்துவிட்டேன். பல்கேரியாவில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் பொறுமையால் தோட்டம் போட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வீம்புக்குப் போட்டவர்களைத்தான் தெரியும். இதம் வேண்டுமென்றால் வேறு பக்கத்தைப் புரட்டுங்கள்.

2

முதல் யோசனை: தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போடுங்கள். ஆணியைச் சுடவைத்துக் குத்தினால் போதும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால்தான் எங்கள் அடுக்ககத்து வெலிக்காவுக்கு ஒரு பட்டம் வந்தது. கல்யாணமான முதல் வருஷம், பனி விலகுமுன், ஓட்டையில்லாத கண்ணாடிக் குவளைகளில் மிளகாய் விதை ஊன்றி ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. "இவளுக்குக் கனத்த கை" என்றார் மாமியார். நாம் கைராசி இல்லை என்போமே, அதேதான். மாமியார் போய்ச் சேர்ந்தார், சொல் போகவில்லை. அன்றிலிருந்து கணவன் பென்கோ விதை ஊன்றும் நாளில் அவள் சமையலறையில் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மின்காவிடம் போய்க் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். வருஷா வருஷம் போனாள்.

(முதல் வரைவில் பென்கோவைக் கொடுமைக்காரனாக எழுதியிருந்தேன். பொய். அவள் கிழிந்த காலுறையை அவனே தைத்துக் கொடுப்பான். நல்லவன் சொல்லும் 'வெளியே போ'வுக்கு எதிர்த்துப் பேச முடிவதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.)

3

எங்கள் தெருவில் இன்னொரு நம்பிக்கை உண்டு. மிளகாயைக் கோபத்தோடு ஊன்றினால்தான் காரம் ஏறும். பென்கோவுக்குக் கோபம் லேசில் வராது. அதனால் முதலில் டிவியில் செய்தியைப் போட்டு அரசாங்கத்தைத் திட்டிப் பார்ப்பான்.

இந்த வருஷமும் பார்த்தான். பிறகு அடித்தளத்து அறையிலிருந்து டப்பாக்களைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினான்.

"கிளம்பு வெலிக்கா. மின்கா காப்பி போட்டிருப்பா."

"போகல. இந்த வருஷம் நான் ஊன்றப் போறேன்."

அவன் சிரித்துவிட்டான். "உன் கையாலயா? அப்புறம் குளிர் முழுக்க பீன்ஸ் சூப்ப நான் வெறுமனே குடிக்கணும்." ஒரு வாய் சூப், ஒரு கடி மிளகாய் என்று வளர்ந்த நாக்கு அவனுடையது.*

"நீ என்னைக்காவது கோவமா ஊன்றியிருக்கியா பென்கோ?"

"டிவி பாத்து—"

"டிவி பாத்து நீ தூங்குவ. மின்கா வீட்ல உக்காந்து வயிறு எரிஞ்சது நான். இத்தனை வருஷம் நீ தின்ன காரம் என்னோடது."

சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்தாள். அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"இது என்ன ஓட்டை?"

"தண்ணி வடியத்தான். இல்லாட்டி அழுகிடும்ல."

"உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமே" என்றான் பென்கோ, யோசிக்காமல்.

வெலிக்கா டப்பாவைக் கீழே வைக்கவில்லை. "என்கிட்ட யாரும் சொல்லல" என்றாள். குரல் உயரவில்லை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

வாசலில் மின்கா தலையை நீட்டினாள். "ஏண்டி, காப்பி ஆறுது."

"ஆறட்டும். மொளைக்கலன்னா சாகுற வரைக்கும் மண்ணத் தொடமாட்டேன். யாரும் வெளிய போன்னு சொல்ல வேணாம், நானே போயிடுவேன். மொளைச்சா, அடுத்த வருஷம் உன் வீட்டுக்குக் காப்பிக்கு இவன் வருவான்."

"இவனா? சர்க்கரை டப்பாவையே காலி பண்ணுவான். நல்லா ஊன்றாதடி."

யாரும் சிரிக்கவில்லை. வெலிக்கா ஊன்றினாள். (யோசனை: விரல் நகத்தளவு ஆழம். மேலே மெல்லிசாக மண். தண்ணீரைத் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஹீட்டரின் தலையில் வைக்காதீர்கள்.)

* அந்தச் சூப்பில் புதினாவும் போடுவார்கள். புதினாவைத் தனித் தொட்டியில் வையுங்கள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும்.

4

முடிவுகள்.

அ) எல்லாம் முளைக்கிறது, பென்கோ கண் கலங்குகி— வேண்டாம். ஆசிரியருக்குத்தான் பிடிக்கும்.

ஆ) ஒன்றும் முளைக்கவில்லை. இதை எழுத என் கை வரவில்லை. மாமியார் படத்திலிருந்து சிரிப்பார்.

இ) விடியுமுன் பென்கோ ஓசைப்படாமல் எழுந்து, அவள் டப்பாக்களில் தன் கையால் புது விதைகளை—

இது எனக்குப் பிடித்திருந்தது. அன்பு இருக்கிறது, ரகசியம் இருக்கிறது, வாசகர் உச்சுக் கொட்டுவார். முழுதாக எழுதியும் விட்டேன். மறுபடி படித்தபோது கூசிப்போனேன். கிடைத்த ஒரே ஊன்றலையும் அவள் கையிலிருந்து பிடுங்கி அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். வெலிக்காவுக்குத் தெரிந்தால் என்னை இந்தக் கதையை விட்டே வெளியே அனுப்புவாள், காப்பி குடிக்க.

கிழித்துப் போட்டேன்.

5

கடைசி யோசனை. மிளகாய் விதை சோம்பேறி. இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கு அதற்குள் விரல் அரிக்கும். சும்மா ஒரு ஓரமாகக் கிளறிப் பார்ப்போமே என்று தோன்றும். கிளறினால் நூல் போன்ற வேர் அறும், அப்புறம் கையைக் குறை சொல்வீர்கள்.

பென்கோவுக்கும் அரித்தது. சூப் குடித்த கரண்டியோடு ஜன்னலருகே போனான்.

"ஒன்னே ஒன்னு பாத்துக்குறேன் வெலிக்கா. தெரிஞ்சுட்டா நிம்மதி."

அவள் எழுந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றாள்.

"யாருக்கு நிம்மதி? கரண்டியைக் கீழ வை."

வைத்தான்.

சற்றுமுன் ஆசிரியரும் கூப்பிட்டார். "மொளைச்சுதா இல்லையா சார்? ஒரு வரி சேத்துடுங்க. படிக்கிறவங்க கேப்பாங்கல்ல?"

கேட்பீர்கள், தெரியும். கதைக்காரனும் கிளறிப் பார்க்கிற சாதிதான். நானும் ஒரு கரண்டியோடுதான் இதுவரை வந்தேன். ஆனால் அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அவளைத் தள்ளிவிட்டு ஒரு வரி சேர்க்க நான் தயாராக இல்லை. நானும் வைத்துவிட்டேன்.

நீங்களும் கரண்டியைக் கீழே வையுங்கள்.