அம்மாவின் கைப்பக்குவம்

அப்பாவின் சட்டையில் மேல் பொத்தானைப் போட அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவன் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறை ஆட்கள் வந்துவிட்டார்கள். மூட்டை தூக்கித் தூக்கித் தடித்த கழுத்து, செத்த பிறகும் காலருக்குள் அடங்க மறுத்தது. கிடங்கில் அவருக்குக் கிரேன் என்றுதான் பெயர்.

மேஸ்திரி நேரே அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"இத்தன வருஷமா உங்க கையால சாப்பிட்டவங்கம்மா நாங்க. தம்பி டப்பாவத் தொறந்தா நாலு கை உள்ள போகும். அந்த உருளைக்கிழங்கு வறுவல என் பொண்டாட்டியும் செஞ்சு பாத்துட்டா, ம்ஹூம். கைப்பக்குவம்னா அது உங்களோடதுதான்."

அம்மா தலையைத் திருப்பி மகனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா விடிவதற்குள் தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். அவள் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்று வீட்டில் கேலி. சமையல் முழுக்க அப்பாதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "யாரு சமையல்?" என்று எவனோ கேட்டபோது வாய் தானாக "அம்மா" என்றது. ஆம்பளை கரண்டி பிடிக்கிற வீடு என்று தெரிந்தால் ஓட்டியே கொன்றுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பொய்க்குத் தினமும் அப்பாவின் சோற்றையே போட்டு வளர்த்தான்.

இப்போதும் தலையாட்டிவிட்டால் முடிந்தது. படுத்திருப்பவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அப்படி நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அது அம்மா சமைச்சதில்லண்ணே. அப்பா."

"யாரு? மூட்டை தூக்குற அப்பாவா?"

"எல்லாமே அவர்தான். வெளிய சொல்ல எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு."

மேஸ்திரி அப்பாவின் பக்கம் திரும்பினார். "நல்ல சமையல நளபாகம்ங்கறோம். நளன் என்ன பொம்பளையா? இதுக்குப் போயாடா கூச்சப்பட்டே?"

அம்மா மெல்லச் சொன்னாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியும்டா."

"என்னம்மா தெரியும்?"

"ஒருநாள் நீ டப்பாவ மறந்துட்டுப் போன. கொண்டாந்து குடுத்தாரே, அன்னைக்கு உங்க பட்டறைல யாரோ, 'சமையல் பிரமாதம்னு வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க'ன்னிருக்காங்க. சரி சொல்லிடறேன்னுட்டு வந்துட்டாரு. வந்து என்கிட்ட சொல்லவும் சொன்னாரு."

"கோவப்பட்டாரா?"

"சிரிச்சாரு. அப்புறம் ரொம்ப நேரம் பாத்திரத்தையே தேச்சிட்டிருந்தாரு. மறுநாளே பெரிய டப்பாவா வாங்கிட்டு வந்தாரு. பாவம், பசங்க ஆசையா சாப்பிடுறாங்களாம், சேத்தே வைப்போம்னாரு."

பெரிய டப்பாவை யார் சுமப்பது என்று அன்றைக்கு அவன் எரிந்து விழுந்திருந்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "தலைப்பக்கம் நீ பிடிப்பா" என்றார் மேஸ்திரி. அவன் குனிந்து, அப்பாவின் தோள்களுக்கு அடியில் கைகளைக் கொடுத்தான். பட்டறை ஆட்கள் மூன்று பேர் தூக்கத் தயாராக நின்றார்கள். அவன் குனிந்தபடியே இருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.