தாடைக்குக் கீழே

ஒலக்கூர்க் கல்குவாரியில் பறவைநாகம் ஒன்று வந்து இறங்கி, பக்கத்து வைக்கோல் போர்களை ஊதிக் கொளுத்தியதும், ஒன்றியத் தலைவர் சுப்பராயலு விழுப்புரத்திலிருந்து கோதண்டபாணியை வரவழைத்தார். 'நாகசம்ஹாரச் செம்மல்' என்று லெட்டர்பேடிலேயே அச்சடித்துக்கொண்டவர். தென்னாற்காடு ஜில்லாவில் அந்தத் தொழிலுக்கு அவருக்கு நிகர் இல்லை. வேறு ஆளும் இல்லை. ஈட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டிருந்தார்.

"குதிரை, கவசம் எதுனா ஏற்பாடு பண்ணட்டுங்களா?" என்றார் சுப்பராயலு.

"மல்லாட்டைப் புண்ணாக்கு வேணுங்க. தூக்கிக்கினு வர ஒரு ஆளு. வேற யாரும் கிட்ட வரக்கூடாது. வந்தா மந்திரம் கெட்டுடும்."

மந்திரம் எதுவும் கிடையாது. குவாரியில் ஜல்லி உடைக்கும் வீரம்மாள் வாளி தூக்கினாள். தன் வாடை அதற்குப் பழகட்டும் என்று கோதண்டபாணி காற்று வரும் பக்கமாக நின்று, ஊறிய கடலைப் புண்ணாக்கை வைப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார். வாயில் ஈரத்தீனி இருந்தால் அதற்கு நெருப்பு வராது. தாடைக்குக் கீழே செதில் கிடையாது; அங்கேதான் உண்ணி மொய்க்கும். அதன் நகம் எட்டாத இடம். யாராவது சொறிந்துவிட்டால்தான் உண்டு. அவர் கற்ற வித்தை மொத்தமும் இவ்வளவுதான்.

சில நாளிலேயே அவர் காலடி கேட்டு அது வாலைத் தரையில் தட்ட ஆரம்பித்தது.

"உங்கள பாத்துதான் ஆட்டுதுங்க," என்றாள் வீரம்மாள்.

"ஈ ஓட்டுது."

"ஈ என்னையுந்தான் மொய்க்குது. நான் ஆட்டுறேனா? வயித்துக்குப் போட்டா கம்முனு கெடக்குதுங்க. தெனம் ஒரு வாளி வச்சா ஊரு என்னா கொறஞ்சா பூடும்?"

அது கோதண்டபாணிக்கும் தெரியும். போன ஊரிலும் தெரிந்திருந்தது. ஆனால் தீனி வைக்கிறவனுக்கு யார் செம்மல் பட்டம் கொடுப்பார்கள்? திண்டிவனத்தில் பாராட்டு விழாவுக்குப் பந்தல்கால் நட்டாகிவிட்டது.

மறுநாள் காலை சொறிந்துவிட்டார். அது கழுத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டது. சுகத்தில் தொண்டைக்குள் உலை கொதிப்பதுபோல ஒரு சத்தம். சாக்கிலிருந்து ஈட்டியை உருவினார். ஒரே குத்து.

கண்ணைத் திறந்து அது முதலில் குவாரி வாசலைத்தான் பார்த்தது. யாரோ வந்து குத்திவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். அப்புறம் அவர் பக்கமாக ஒண்டிக்கொண்டது.

அது அடங்கிய பிறகு கோதண்டபாணி தீக்குச்சி கிழித்துத் தன் சட்டையை அங்கங்கே கருக்கிக்கொண்டார். வீரம்மாள் வாளியை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

விழாவில் சுப்பராயலு மைக்கைப் பிடித்தார். "விண்ணும் மண்ணும் நடுங்க நடந்த போர் அது! நெருப்பு மழையிலே நெஞ்சு நிமிர்த்தி நின்றார் நம் செம்மல்! காணை கிராமத்திலே இன்னொன்று வந்திருக்கிறதாம். அதையும் இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்வார்!"

ஆளுயர மாலை வந்தது. "கழுத்தக் கொஞ்சம் தூக்குங்க செம்மல்," என்றார் சுப்பராயலு.

கோதண்டபாணிக்குத் தூக்க வரவில்லை. மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"பாருங்கள், என்ன தன்னடக்கம்!" மைக் அலறியது.

"தூக்குய்யா!" கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து வீரம்மாள் எழுந்தாள். "அது தூக்கிக் காட்டுச்சில்ல? நீயும் தூக்கு!"

வாழ்த்துகிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அவர் தூக்கினார். கண் தானாக மூடிக்கொண்டது. தண்ணீர் தெளித்த மாலை தொண்டைக்குழியில் சில்லென்று பட்டது.

"சார், கண்ண மூடிட்டீங்க," என்றான் போட்டோக்காரன். "இன்னொரு வாட்டி தூக்குங்க."