நாக்குக்கு அடியில் ஒரு நூல்

எங்கள் பூனைக்கு முதலாளி என்று பெயர். தையல் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து எல்லோரையும் முறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்த முதலாளி இப்போது கால்நடை மருத்துவமனையின் மேசையில் துவண்டு கிடந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வாயைத் தொடவே விடவில்லை.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பிடித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாக்குக்கு அடியில் கருஞ்சிவப்பு நூல் ஒன்று சுற்றி, சதையை அறுத்துக்கொண்டு கிடந்தது.

“ஒரு பக்கம் இங்க மாட்டியிருக்கு, மிச்சம் குடலுக்குள்ள போயிடுச்சு. நாடா போட்டு இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கிக் கிடக்கும். விட்டா நூலே குடல அறுத்துடும். வயித்தத் திறந்துதான் எடுக்கணும்.”

“பொழைச்சிடுமா டாக்டர்?”

“முழுங்கின அன்னைக்கே கொண்டு வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன்.” விளக்கைக் கிட்டே இழுத்தார். “இந்த முனையப் பாருங்க. பூனை கடிச்சது இல்ல. வெளிய தொங்கினத யாரோ கத்தரிச்சு விட்டிருக்காங்க.”

எனக்கா தெரியாது? என் பிழைப்பே நூல் வெட்டுவதுதான். கடித்தால் முனை பிசிறும். இது கத்தரிக்கோல் வெட்டு. நூலோ பட்டன் நூல். எங்கள் தையல் கடையில் பட்டன் தைப்பது ஒரே ஒருத்தி, என் தங்கை.

வெளியே பெஞ்சில் அவளும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாந்தியின்போதே அவளிடம் கேட்டிருந்தேன், நூல் கீல் எதையாவது தின்றுவிட்டதா என்று. “நீ கண்டதையும் ஊட்டி அது வயித்தக் கெடுத்துட்ட” என்று என்னையே திட்டினாள். நானும் நம்பி, மீன் கொடுத்த என் கையை நொந்துகொண்டேன்.

“முதலாளி வாயில தொங்கின நூல வெட்டினது நீயா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

“அவள ஏன் முறைக்கிற? நான்தான் வெட்டச் சொன்னேன்” என்றார் அவர். “உனக்குத் தெரிஞ்சா மெஷின அப்படியே போட்டுட்டு இங்க ஓடி வந்திருப்ப. ஸ்கூல் யூனிஃபார்ம யாரு தைக்கிறது? உள்ள போனது தானா வெளிய வந்துடும்னு நெனச்சோம்.”

“மாமா சொன்னாரேன்னுதான்க்கா…”

நினைத்தார்களாம்! பூனையை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுதபோது இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் தைத்தாள். அவர் இஸ்திரி போட்டார். நடுவில் எழுந்து வந்து என் முதுகைக்கூடத் தடவிக் கொடுத்தாள் மகராசி. கூடப் பிறந்தவளும் கட்டிக்கொண்டவரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிச் சட்டை தைக்க வைத்திருக்கிறார்கள். இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல் அறுவை சிகிச்சை முடியும்வரை சுவரோரம் நின்றேன்.

டாக்டரம்மா ஒருவழியாக வெளியே வந்தார். குடலைப் பல இடங்களில் திறந்து நூலைத் துண்டு துண்டாக எடுத்ததாகச் சொன்னார். ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்ததாம். உயிர் இருக்கிறது.

“தையல் தாங்கணும். கண்ண எடுக்காம பாத்துக்கணும். வாந்தி எடுத்தா மறைக்காம உடனே சொல்லணும். வீட்ல நம்பி விட ஆள் இருக்கா?”

தங்கை சட்டென்று எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் எழுந்தார்.

“எனக்கு வீட்ல யாரும் இல்ல டாக்டர்” என்றேன்.